லிஃப்ட்காரர் மலையேறிய கதை

அந்தப் பள்ளத்தாக்குக்கு மனைவியை நேரிலேயே கூட்டிக்கொண்டு போய், அங்கே குடிபோகும் ஆசையை அவள் மனசிலிருந்து வேரோடு பிடுங்கிவிடுவது என்று லிஃப்ட்காரர் முடிவு செய்தது ஒரு புதன்கிழமை மத்தியானம், எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தபோது. பெரிய முடிவுகளையெல்லாம் அவர் உயரத்தில் வைத்துத்தான் எடுப்பார். தரையில் இருக்கும்போது முடிவுகளை அவருடைய மனைவி எடுத்துவிடுவாள்.

மனைவி மிருக வைத்தியர். குடியிருப்பு முழுவதற்கும் அவள் டாக்டரம்மா. நகரத்தில் நாய், பூனை, கிளி, எப்போதாவது ஒரு முயல் என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஆடு மாடு குதிரைகளைப் பார்த்துவந்த பெரிய டாக்டருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியை நீ எடுத்துக்கொள், ஒட்டினாற்போல் வீடும் இருக்கிறது என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அவள் இதைச் சொன்னாள். லிஃப்ட்காரர் வாயிலிருந்த ரொட்டியை நிதானமாக மென்று முடித்து, தண்ணீர் குடித்து, "பாக்கலாம்" என்றார். அந்த வீட்டில் "பாக்கலாம்" என்றால் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம்.

அவர் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய பிழைப்பே லிஃப்ட் ரிப்பேர். மாடிக்கு மேல் மாடி இருந்தால்தான் லிஃப்ட். அந்தப் பள்ளத்தாக்கில் மாடு உண்டு, மாடி கிடையாது. இங்கே ஒரு தெருவில் நடந்தால் நாலு வாட்ச்மேன்கள் எழுந்து நின்று, "அண்ணே, இன்னிக்கு ரெண்டாவது மாடியில நிக்காம போகுதுண்ணே" என்பார்கள். அங்கே போனால் அவர் யார்? டாக்டரம்மா வீட்டுக்காரர். வாசலில் நின்று மாட்டைப் பிடித்துக்கொள்கிற ஆள்.

இதை வெளிப்படையாகச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் அவள் சண்டைக்கே வரவில்லை. "சரிங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மல்லுக்கு நிற்கிற ஆளோடு மல்லுக்கட்டலாம். "சரிங்க" என்கிற ஆளை என்ன செய்வது? அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. 'வேண்டாம்' என்ற சொல் தன் வாயிலிருந்து வரக்கூடாது, அவள் வாயிலிருந்தே வரவேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார்.

வழியைக் காட்டியது ஒரு கிளி. அதை வைத்தியத்துக்குக் கொண்டுவந்த ஒரு பெண்மணி, லீவுக்குப் பேட்டரி சைக்கிளில் கிராமப்புறம் சுற்றப் போய், இடுப்புப் பிடித்துப் படுத்த படுக்கையாகி, இப்போது கிராமம் என்ற வார்த்தையைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். மனைவி யாரிடமோ போனில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தது சமையலறைச் சுவர் வழியாக அவர் காதில் விழுந்தது. அதுதான் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே பளிச்சென்று எரிந்தது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வருகிறது. பேட்டரி சைக்கிள். மலைப்பாதை. பள்ளத்தாக்கு. இரண்டாம் நாளே அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு, "போதுங்க, நம்ம வீட்டுக்குப் போயிடலாம்" என்பாள்.

அன்று சாயங்காலமே பேச்சை எடுத்தார். அவள் தயங்கினாள்.

"அவ்வளவு தூரமா? உங்களால முடியுமாங்க?"

"என்னால முடியுமாவா?"

"இல்ல, மலை ஏறணுமே. வீட்டுல நல்லா ரெஸ்ட் எடுக்கலாம்ல."

இதைக் கேட்டதும் அவருக்குத் திட்டம் பாதி பலித்துவிட்ட மாதிரி இருந்தது. வசந்த காலம், பூ, காற்று, ஆரோக்கியம் என்று அவர் பேசியதைக் கேட்டால் வாழ்நாள் முழுக்கப் புல்வெளியில் படுத்து வளர்ந்தவர் என்று யாரும் நம்பியிருப்பார்கள். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் அரை மனசாக ஒத்துக்கொண்டாள்.

சைக்கிள் கடையில் வண்டிகளைப் பொறுக்கியதும் அவர்தான். தனக்குப் புதியது, அவளுக்குச் சீட் கட்டையாகிப்போன பழையது. கடைக்காரப் பெண் பொறுமையாக விளக்கினாள். கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கிறது, நம்பரைக் கூட்டக் கூட்ட மோட்டார் அதிகம் தள்ளும், பேட்டரியும் அதிகம் குடிக்கும், ஆனால் மிதித்தால்தான் மோட்டார் உதவும், மிதிக்காதவருக்கு உதவாது. "மோட்டாரைப் பத்தி எனக்கா?" என்று லிஃப்ட்காரர் சிரித்தார். மனைவி மட்டும் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். நகரத்துக்குள் இருந்தவரை அவருடைய ராஜ்ஜியம். ஒவ்வொரு கட்டிடமாகக் கையைக் காட்டிக்கொண்டே போனார். இந்த லிஃப்ட் மழை நாளில் முனகும், அந்த லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஒரு குலுக்குக் குலுக்கும், அதோ அதில் ஒரு தடவை கல்யாண ஜோடியே மாட்டிக்கொண்டது. பிறகு கட்டிடங்கள் குட்டையாகின. சுட்டிக் காட்ட ஒன்றும் இல்லாமல் கை கீழே இறங்கியது. ஒரு பெட்ரோல் பங்க்கோடு நகரம் சட்டென்று முடிந்துபோனது.

அதற்கப்புறம் என்ன இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை. வானம் இருந்தது. அவருக்குத் தெரிந்த வானம் லிஃப்ட் அறையின் கூரையில் இருக்கும் சதுரம். இது நாலு பக்கமும் தரை வரை இறங்கி நின்றது. உழுது போட்ட மண்ணிலிருந்து மெல்லிய ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மரங்களில் இலை என்று இன்னும் சொல்ல முடியாது, பச்சையாக ஒரு மூச்சு விட்டு வைத்த மாதிரி இருந்தது. ஓடைக்கரையில் எங்கு பார்த்தாலும் மஞ்சள் பூ.

இதெல்லாம் ஒன்றுமில்லை என்று முகத்தை வைத்துக்கொண்டு அவர் நம்பரைக் கூட்டிக்கொண்டு முன்னால் பறந்தார். பின்னால் அவள் மூச்சு வாங்கட்டும் என்பது திட்டம். மேடு ஏறி ஓரிடத்தில் நின்றபோது பக்கத்து வயலிலிருந்து ஒரு சின்னப் பறவை கிளம்பியது. சாய்வாகப் பறக்கவில்லை. வட்டம் போடவில்லை. செங்குத்தாக, நேர் மேலே, பாடிக்கொண்டே போனது. ஓர் உயரத்துக்குப் போய் அங்கேயே நின்றது. நின்றும் பாடிக்கொண்டிருந்தது. பிறகு அதே கோட்டில் இறங்கியது.

லிஃப்ட்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கயிறு கிடையாது, கம்பி கிடையாது, எதிர் எடை கிடையாது. குலுங்கவும் இல்லை. தன் தொழிலில் இப்படியொரு ஏற்றத்தை அவர் பார்த்ததே இல்லை. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. அது மறுபடி ஏறியது. அவர் மறுபடி அண்ணாந்தார்.

"வானம்பாடிங்க" என்று பக்கத்தில் குரல் கேட்டது. மனைவி எப்போது வந்து நின்றாள் என்றே தெரியவில்லை. மூச்சு வாங்கவில்லை. வழியில் ஒரு குதிரையோடு பேசிக்கொண்டு நின்றதால்தான் தாமதம் என்றாள்.

"கால் வலிக்குதா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"இல்லைங்க. உங்களுக்கு?"

அவர் பேச்சை மாற்றினார்.

மத்தியானத்துக்கு மேல் சாலை பழத்தோட்டங்களுக்குள் நுழைந்தது. மலைச்சரிவு முழுக்க ஒரே வெள்ளை. இலை வருவதற்கு முன்னாலேயே பூ முந்திக்கொண்டு வந்திருந்தது. ஒரு கிளை விடாமல், ஒரு குச்சி விடாமல். உள்ளே நுழைந்ததும் சத்தம் மாறியது. தோட்டமே மெதுவாக ரீங்காரம் போட்டது. ஏதோ பெரிய மோட்டார் ஓடுகிறது என்று முதலில் நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, தேனீ. மரத்துக்கு மரம், கண்ணுக்குத் தெரிந்த வரை, அத்தனையும் வேலையில் இருந்தன. ஒரு மேற்பார்வையாளர் இல்லை. லிஃப்ட்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். சத்தமாகப் பேச வாய் வரவில்லை. தோள் மேல் விழுந்த இதழைத் தட்டிவிடவும் மனசு வரவில்லை.

திட்டம் நினைவுக்கு வந்ததும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று. எதிரியின் ஊரில் வந்து வாயைப் பிளந்து நிற்பதா?

அன்று தங்கிய விடுதியையும் அவர்தான் தேடிப் பிடித்திருந்தார். மேல் மாடியில், கூரைக்கு அடியில், ஏணி மாதிரி படிக்கட்டு உள்ள அறை. அவளுக்குச் சிரமமாக இருக்கட்டும் என்று எடுத்த அறைக்குப் பைகளைத் தூக்கிக்கொண்டு போனது அவர். ஒரு லிஃப்ட்கூட இல்லாத ஊரா இது என்று படிக்குப் படி நொந்துகொண்டார். அவள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, "என்ன காத்துங்க" என்றபடி காலை நீட்டினாள்.

அப்போதுதான் அவர் அந்தக் கேவலமான காரியத்தைச் செய்தார். இரண்டு சைக்கிள் பேட்டரிகளையும் கீழே சாமான் அறையில் சார்ஜுக்குப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் பல் குச்சி தேடுகிற பாவனையில் உள்ளே போய், மனைவியின் பேட்டரி பிளக்கை லேசாக இழுத்துவிட்டு வந்தார். நாளைக்கு மலை. நாளைக்குத் தெரியும்.

மறுநாள் அவர் எழுந்து வருவதற்குள் அவள் இரண்டு வண்டிகளையும் துடைத்து, பேட்டரி மாட்டி, வாசலில் தயாராக நிறுத்தியிருந்தாள். லிஃப்ட்காரர் கிளம்பும்போதே உச்ச நம்பரில் வைத்தார். மலையடிவாரம் வரை ராஜா மாதிரி போனார். முதல் வளைவு ஏறினார். இரண்டாவது வளைவில் கைப்பிடியில் ஏதோ சிவப்பாகச் சிமிட்டியது. மூன்றாவது வளைவில் வண்டி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இரும்பாகிவிட்டது.

பேட்டரி இல்லாத பேட்டரி சைக்கிளை மலையில் மிதிப்பது பீரோவை மிதிப்பது மாதிரி. இறங்கித் தள்ளினார். பழைய வண்டியில் மனைவி நிதானமாக மிதித்து வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினாள். சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"என்னங்க, சார்ஜ் ஏறலையா?"

"தெரியலையே."

"காலையில பாத்தேன், ரெண்டுல ஒண்ணு பிளக்கு கழண்டு கிடந்துச்சு. யாரோ தெரியாம இழுத்துட்டாங்கபோல, பாவம். ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சா, எது யாரோடதுன்னு தெரியாம மாட்டிட்டேன்."

அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. ஒரு அழுக்கு இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு டிராக்டர் வந்தது. ஊரையே ஏற்றி இறக்கின மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக நடுரோட்டில் நின்று லிஃப்ட் கேட்டார். டிராக்டர்காரர் நல்லவர். நிறுத்தினார். பின்னால் இருந்த தொட்டி முழுக்கச் சாணி எரு. மேலே வேண்டுமானால் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார். லிஃப்ட்காரர் நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தள்ளினார். அவளும் இறங்கி, தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தாள். ஏறிப் போய்விடு என்று சொல்லியும் போகவில்லை. நடக்கிற வேகத்தில்தான் சில விஷயங்கள் கண்ணில் படும்போலிருக்கிறது. பாறை இடுக்கில் நீலமாக, நகத்தின் அளவுக்குப் பூ. பனி உருகி ஓடும் தண்ணீர் சாலைக்கு அடியில் எங்கோ பேசிக்கொண்டே வந்தது. ஒரு நத்தை சாலையைக் கடந்துகொண்டிருந்தது. இருவரும் அது கடக்கும்வரை நின்றார்கள். அது கடந்து முடித்ததும் கிளம்ப மனசில்லாமல் இன்னும் கொஞ்சம் நின்றார்கள். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வேலையும் இல்லாமல் நின்றது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

மலை முகட்டுக்குக் கொஞ்சம் கீழே மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத்தில் ஒரு ஆட்டுக் கொட்டகை. வாசலில் ஒரு பண்ணைக்காரப் பெண் போனைக் கையில் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவர்களைப் பார்த்ததும் ஓடிவந்தாள். உள்ளே ஒரு ஆடு விடிகாலையிலிருந்து ஈன முடியாமல் கிடக்கிறது. பெரிய டாக்டருக்குப் போன் செய்தால், மாடியே ஏற முடியாத மனுஷன் இந்த மலையை எப்படி ஏறுவார்? "யாரா இருந்தாலும் பரவாயில்லை, ஒரு கை பிடிங்க" என்றாள்.

மனைவி கொட்டகைக்குள் நுழைந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி லிஃப்ட்காரரிடம் கொடுத்தாள். மழைச் சட்டையைக் கழற்றினாள். வெந்நீரும் சோப்பும் கேட்டாள்.

லிஃப்ட்காரர் தன் மனைவி வேலை செய்து பார்த்ததே இல்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பார், மருந்து வாசனையோடு வெளியே வருவாள், கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அவ்வளவுதான். இப்போது வைக்கோலில் மண்டியிட்டு, ஆட்டின் தலையைத் தன் மடியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது. ஆடு அவரைப் பார்த்தது. மஞ்சள் கண்ணில் குறுக்கே ஒரு கோடு. அதற்குள் இருந்த பயத்தை அவருக்குத் தெரியும். கரண்ட் போய் நடுவில் நின்ற லிஃப்ட்டுக்குள் அப்படிப்பட்ட கண்களை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார்.

குட்டியின் தலை வெளியே வந்து, ஒரு கால் உள்ளேயே மடங்கிச் சிக்கியிருந்தது. மனைவி கையில் சோப்பைத் தடவிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பார்த்ததெல்லாம் விரல் நுனியால். வெளியே வந்த தலையை மெதுவாக, மிக மெதுவாக, மறுபடி உள்ளே தள்ளினாள். வந்ததைத் திருப்பி அனுப்புகிறாளே என்று அவர் ஆட்டின் தலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவள் உதடு அசைந்தது. "இரும்மா, இரு, அவ்வளவுதான்" என்று ஆட்டோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்கோ உள்ளே எதையோ பிடித்தாள், திருப்பினாள். "வந்துடுச்சு" என்றாள்.

குட்டி வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. மஞ்சளாக, நனைந்த துணி மாதிரி. அசையவில்லை. பண்ணைக்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனைவி திருப்பவில்லை. அதன் வாயை விரலால் வழித்தாள். பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றினாள். கீழே போட்டு வைக்கோலால் பரபரவென்று தேய்த்தாள். ஒரு வைக்கோலை எடுத்து அதன் மூக்குக்குள் விட்டுக் குடைந்தாள். கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் மூச்சே விடவில்லை. குட்டிக்கு இல்லாத மூச்சு தனக்கு எதற்கு என்று தோன்றியது.

குட்டி தும்மியது.

ஒரே ஒரு சின்னத் தும்மல். பிறகு தலையை ஆட்டியது. பிறகு கோபமாக ஒரு சத்தம் போட்டது. தாய் ஆடு அவர் மடியிலிருந்து உதறிக்கொண்டு எழுந்து, திரும்பி, நக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அந்தக் குட்டி, நாலு குச்சிகளைத் தப்பாகச் சேர்த்துவைத்த மாதிரி ஆடி ஆடி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து பால் காம்பைக் கண்டுபிடித்தது. வால் துடித்தது.

லிஃப்ட்காரர் தன் மனைவியைப் பார்த்தார். முழங்கை வரை இரத்தமும் சோப்பு நுரையும். முடியில் வைக்கோல். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுக்கிற கை, சட்டைப் பொத்தான் தைக்கிற கை, இந்தக் கைதானா அது? இந்தக் கையை நகரத்தில் கிளிக்கு நகம் வெட்ட வைத்துக்கொண்டிருக்கிறேனா? கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவருக்குக் கண் மறைத்தது. மழைத் தண்ணீர் என்று சொன்னார். கொட்டகை ஒழுகவில்லையே என்று அவள் சொல்லவில்லை.

மழை விட்டதும் முகட்டைத் தாண்டினார்கள். கீழே பள்ளத்தாக்கு. அதை எதனோடு ஒப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கழுவி வெயிலில் வைத்த மாதிரி எல்லாம் மினுங்கியது. நடுவே ஆறு, இரு பக்கமும் பூத்த தோட்டம், அங்கங்கே ஓட்டு வீடு, புகை, மேகத்தின் நிழல் மட்டும் மெதுவாக மேய்ந்துகொண்டு போனது. இறக்கத்துக்குப் பேட்டரி எதற்கு? வண்டி தானாக ஓடியது. ஈர வாசனையும் பூ வாசனையும் முகத்தில் அடித்தன. நடுத்தர வயதைத் தாண்டிய ஒரு கனத்த மனிதர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே மலையிலிருந்து இறங்கினார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்கே தெரியாது.

பெரிய டாக்டர் வீட்டில் இரவுச் சாப்பாடு. சூடான சூப், ரொட்டி. மலை மேல் நடந்த செய்தி இவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆறு ஓடுகிற சத்தம். சாப்பாடு முடிந்து வாசல் பெஞ்சில் மனைவியோடு தனியாக உட்கார்ந்தபோது, லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாம இங்கயே வந்துட்டா என்ன?"

அவள் திடுக்கிட்ட மாதிரி பார்த்தாள். "நம்ம வீடு?"

வீடு கிடக்கிறது என்றார். உங்களுக்குக் குளிர் ஆகாதே என்றாள். ஸ்வெட்டர் இருக்கிறது என்றார். இவ்வளவு அமைதியில் உங்களுக்குத் தூக்கம் வருமா என்றாள். இந்த ஊர்க் காற்றுக்குப் படுத்ததும் தூங்கிவிடுவேன் என்றார். அவள் ஒவ்வொன்றாகத் தடை சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே வந்தார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, இத்தனை வாதத்திறமை இதுநாள் வரை எங்கே ஒளிந்திருந்ததென்று. கடைசியில் அவள் முக்கியமான இடத்துக்கு வந்தாள்.

"அப்ப உங்க வேலை? நான் மட்டும் வேலைக்குப் போய், நீங்க வீட்டுல சும்மா இருந்தா எனக்கு நல்லா இருக்காதுங்க."

"மாட்டைப் பிடிச்சுக்கறேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கஷ்டமாக இல்லை. அதுதான் அவருக்கே புரியவில்லை.

அவள் பெஞ்சில் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "நீங்க இவ்வளவு ஆசைப்படறப்ப நான் வேண்டாம்னு சொன்னா நல்லா இருக்குமா? சரிங்க, உங்களுக்காக வரேன்" என்றாள். லிஃப்ட்காரர் ஜெயித்துவிட்டார். ஜெயித்த நிம்மதியில் அன்று குறட்டை ஆறு வரை கேட்டதாகப் பெரிய டாக்டர் சொன்னார்.

திங்கட்கிழமை காலை டீ குடிக்கும்போது பெரிய டாக்டர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். ஆற்றங்கரை மாவு மில்லில் மூட்டை ஏற்றுகிற லிஃப்ட் நின்றுபோய்க் கிடக்கிறது, பாவம், ஆட்கள் முதுகில் சுமந்துகொண்டு படி ஏறுகிறார்கள். லிஃப்ட்காரரின் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. "லிஃப்ட்டா? இங்கயா?" மனைவி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, லீவு நாளில் எதற்கு வேலை என்றாள். அவர் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மில் ஆற்றோரம் நெடுநெடுவென்று நின்றது. மாடிக்கு மேல் மாடி. அதைப் பார்த்து அவர் நெஞ்சு விம்மியது. மில் முதலாளி ஒரு கட்டையான அம்மாள், தலை முதல் கால் வரை மாவு. அவரை உள்ளே அழைத்துப் போனாள். லிஃப்ட்டைத் திறந்து பார்த்தார். கதவு மூடினால் தொடவேண்டிய இணைப்பில் மாவு படிந்து கல்லாகியிருந்தது. கதவு மூடித்தான் இருக்கிறது, அது மூடவில்லை என்று லிஃப்ட் பிடிவாதமாக நினைத்துக்கொண்டிருந்தது. சுரண்டினார், துடைத்தார், ஒரு திருகாணியை முறுக்கினார். பொத்தானை அமுக்கினார். லிஃப்ட் ஒரு முனகலோடு மேலே போனது. கூலியாட்கள் முதுகை நிமிர்த்தி, அந்த வானம்பாடியை அவர் பார்த்த மாதிரியே, அண்ணாந்து பார்த்தார்கள்.

அம்மாளுக்குச் சந்தோஷம் தாளவில்லை. இங்கே மட்டுமில்லை, பால் பண்ணையில் ஒன்று, பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு, மலை ஹோட்டலில் ஒன்று, எது நின்றாலும் நகரத்திலிருந்து ஆள் வர வாரக்கணக்காகும், நீங்கள் இங்கேயே இருந்தால் ஊரே உங்களைத் தலையில் தூக்கிவைக்கும் என்றாள். லிஃப்ட்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். ஓடிப்போய் மனைவியிடம் சொல்ல வேண்டும். இந்தப் பயணத்தை யோசித்தது நான், உன்னைச் சம்மதிக்க வைத்தது நான், இப்போது எனக்கு வேலையைக் கண்டுபிடித்ததும் நானே என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எந்த வரிசையில் சொல்வது என்றுகூட மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, இவ்வளவு நாளாவா நின்னு கிடக்கு? வேற ஆளைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று பெருந்தன்மையாகக் கேட்டார்.

"கூப்பிட்டோமே. ஆளும் கிளம்பிட்டான். டாக்டரம்மாதான் போன மாசம் போன் பண்ணி, அதைத் தொடாதீங்க, லீவுக்கு எங்க வீட்டுக்காரர் வந்து பாப்பார்னு நிறுத்தச் சொன்னாங்க."

"போன மாசமா?" அவருக்கு அந்த யோசனை வந்ததே போன புதன்கிழமைதான். மழையும் ஆடும் மட்டுமாவது தற்செயல்தானா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கத் தைரியம் வரவில்லை.

"ஆமா. சைக்கிள்ல வருவார்னுகூடச் சொன்னாங்க" என்றாள் அந்த அம்மாள், தோளிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டே. "ஆனா அது அவருக்கே இன்னும் தெரியாதுன்னாங்க."